ஆறாவது பத்தி

கனிமொழிக்கு பாஸ்போர்ட் கிடையாது. சென்னையைத் தாண்டி அவள் போனது ஒரே ஒருமுறை, திருப்பதிக்கு. அதுவும் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு திரும்பிய பயணம். ஆனாலும் 2010-ஆம் வருஷத்தில், வெளிநாட்டுக்குச் சுற்றுலா போக ஆசைப்பட்ட சில ஆயிரம் தமிழர்களுக்கு அவள் பல தேசம் பார்த்து வந்த பெண்.

சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலையில் ஸ்ரீதர் என்பவர் வைத்திருந்த ஜாப் டைப்பிங் கடையில் அவளுக்கு வேலை. ஆராய்ச்சி மாணவர்கள் கையால் எழுதிக் கொண்டுவரும் ஆய்வேடுகளை கம்ப்யூட்டரில் அடித்து, பிழை பார்த்து, பைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும். நிலத்தடி நீர், நெல்லைத் தாக்கும் பூச்சி, பழைய இலக்கியத்தில் உவமை என்று எது வந்தாலும் அடிப்பாள். அடித்ததில் ஒரு வரிகூட அவளுடையது இல்லை. அடுத்தவர் எழுதியது தன் விரல் வழியாகப் போவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. பின்னால் நடந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று அவளே பிறகு நினைத்துக்கொண்டதுண்டு.

கோடை விடுமுறையில் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். கடையில் ஈ ஓட்டும் நேரத்தில் இன்டர்நெட்டில் எதையாவது படித்துக்கொண்டிருப்பாள். அப்படித்தான் 2008-இல் பயண வலைப்பதிவுகள் அவள் கண்ணில் பட்டன. யாரோ ஒரு ஸ்காட்லாந்துக்காரி, யாரோ ஒரு ஆஸ்திரேலியத் தம்பதி, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், எங்கே தங்கினோம், எந்த பஸ்ஸில் ஏறினோம், எங்கே ஏமாந்தோம் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார்கள். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. தானும் ஒரு வலைப்பதிவு தொடங்கி, ‘வெளிநாடு போகத் திட்டமிடுகிறீர்களா? இந்தப் பத்து வலைப்பதிவுகளைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டாள். ஒவ்வொன்றைப் பற்றியும் நாலு வரி எழுதினாள். அதில் பொய் எதுவும் இல்லை.

படித்தவர்கள் நன்றி சொன்னார்கள். கூடவே, இங்கிலீஷ் நமக்கு அவ்வளவு ஓடாது, நீங்களே தமிழில் சொல்லிவிடுங்களேன் என்று கேட்டார்கள். அவள் ஒவ்வொரு கட்டுரையாகத் தமிழில் எழுத ஆரம்பித்தாள். மூலத்தில் ‘நான்’ என்று இருந்த இடத்தில் இவளும் ‘நான்’ என்றே போட்டாள். மலேசியாவைப் பற்றிய பதிவின் கீழே ஒருவர், எப்போது போய்விட்டு வந்தீர்கள் மேடம் என்று கேட்டிருந்தார். இது மொழிபெயர்ப்பு என்று அன்றைக்கே ஒரு வரி எழுதியிருக்கலாம். விரல் ‘போன டிசம்பர்’ என்று அடித்துவிட்டது. அதற்குப் பிறகு திரும்பி வர வழி தெரியவில்லை. வரவேண்டும் என்று பெரிதாகத் தோன்றவும் இல்லை.

2009 மார்ச்சில் தாய்லாந்துப் பதிவை எழுதினாள். மேற்குக் கடல் பக்கம் ஒரு தீவு. அந்த ஸ்காட்லாந்துக்காரி ஒன்பது பத்திகளில் எழுதியிருந்தாள். விசா, படகு, தங்குமிடம், சாப்பாடு, மணல் என்று ஐந்து பத்தி சரளமாக வந்தது. ஆறாவது பத்தி கடலைப் பற்றியது. மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை அந்தக் கடல் வேறு கடல் என்று தொடங்கி, அடியில் இருக்கும் இழுப்பைப் பற்றியும், ஒவ்வொரு வருஷமும் உள்ளே போய்த் திரும்பாதவர்களைப் பற்றியும் சொன்னது.

கனிமொழி சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடலோரத்துக் கிள்ளைக்காரி. 2004 டிசம்பர் இருபத்தாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தம்பி அய்யனார் கடற்கரையில் கிரிக்கெட் ஆடப் போனான். பத்தொன்பது வயது. மூன்றாம் நாள் முகத்துவாரத்துக்கு உள்ளே, சதுப்பில் நிற்கும் தில்லை மரங்களின் வேர்களுக்கு நடுவிலிருந்து அவனை எடுத்தார்கள். சட்டையை வைத்து அடையாளம் சொன்னவள் கனிமொழி. அதற்குப் பிறகு அவள் கடல் பக்கம் போனதில்லை. குடும்பமே சிதம்பரத்துக்கு மாறி வந்துவிட்டது. அப்பா ஒரு வருஷத்தில் இறந்துவிட, அம்மா செல்லாயியும் அவளும் மட்டும் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள்.

ஆறாவது பத்தியை இரண்டு தரம் படித்தாள். கடல் ஆளை இழுப்பதைத் தன் கையால் அடிக்க அவளால் முடியவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, ஏழாவது பத்தியிலிருந்து தொடர்ந்தாள். இடைவெளி துருத்தாமல் இருக்க, ‘தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும்’ என்று தானாக ஒரு வரி சேர்த்தாள். மூலத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது.

அவளுடைய பதிவுகளில் அதிகம் படிக்கப்பட்டது அதுதான். அந்த வருஷக் கடைசியில் ஒரு வார இதழ், பயணம் போகிறவர்களுக்குச் சிபாரிசு செய்த ஐந்து வலைப்பதிவுகளில் அவளுடையதையும் சேர்த்து அச்சிட்டது. ஸ்ரீதர் அந்தப் பக்கத்தை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டினார். நீங்க எப்பம்மா இங்கெல்லாம் போனீங்க என்று சிரித்தாரே தவிர, அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த இதழைப் பார்த்துவிட்டுத்தான் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து உத்திராபதி அவளுக்கு மெயில் எழுதினார். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திட்டக்குடிப் பக்கம். ஜூனில் அறுபது முடிகிறது, சொந்தக்காரர்கள் எல்லாரும் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்கிறார்கள், ஆனால் அவருக்குத் தன் மனைவியை ஒரு தடவை விமானத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று ஆசை. உங்கள் தாய்லாந்துப் பதிவை பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், நீங்களும் நம்ம மாவட்டம் என்பதில் மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார்.

வாரத்துக்கு ஒரு மெயிலாவது வரும். சைவச் சாப்பாடு கிடைக்குமா, என்ன செருப்பு நல்லது, மனைவிக்குக் கால் வீங்கும் உடம்பு, விமானத்தில் எழுந்து நடக்க விடுவார்களா. அவள் தேடிப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள். அவர் கேட்கும் விதத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது, மரியாதையும் இருந்தது. அவசரம் என்றால் கூப்பிடுங்கள் என்று தன் செல் நம்பரைக்கூடக் கொடுத்தாள். மே மாதக் கடைசியில், கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு கேள்வி வந்தது. அந்தக் கடலில் இறங்கிக் குளிக்கலாமா அம்மா? சின்ன வயதில் வெள்ளாற்றில் வெள்ளம் போகும்போது நீந்தியவன் நான்.

அன்றைக்கு ஒரு மாணவனின் ஆய்வேடு மறுநாளைக்குள் முடிய வேண்டியிருந்தது. தான் ஏற்கெனவே எழுதியது நினைவில் இருக்க, ‘தாராளமாகக் குளிக்கலாம் சார். குளம் மாதிரி இருக்கும்’ என்று அடித்து அனுப்பிவிட்டுத் திரும்ப வேலைக்குப் போனாள்.

ஜூன் முழுக்க அவரிடமிருந்து மெயில் இல்லை. ஊர் சுற்றிவிட்டு வந்த களைப்பு என்று நினைத்தாள். ஜூலையில் ஒரு மதியம் அவள் செல்லுக்கு கடலூர் நம்பரிலிருந்து போன் வந்தது. உத்திராபதி சார் வீட்டிலிருந்து பேசுகிறேன் என்று ஒரு அம்மாள் குரல். கனிமொழி உற்சாகமாக, டிரிப் எல்லாம் நல்லா இருந்துதாம்மா, சார் எப்படி இருக்காங்க என்று கேட்டுவிட்டாள்.

“அவரு அங்கயே தவறிட்டாரும்மா” என்றது அந்தக் குரல். “கடல்ல. ஒனக்குச் சேதி தெரியாதுன்னு எனக்குத் தெரியும். ஒரு நாள் வூட்டுக்கு வர முடியுமா? ஒண்ணு கேக்கணும்.”

கடைக்குப் பின்னால் இருந்த குழாயடியில் போய் கனிமொழி வெகுநேரம் நின்றாள். ஸ்ரீதர் வந்து என்ன என்று கேட்டபோது, தெரிந்தவர் ஒருத்தர் இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே போய், ஒரு வருஷத்துக்கு முன்னால் மூடிய அந்த இங்கிலீஷ் பக்கத்தைத் திறந்தாள். ஆறாவது பத்தி அங்கேயே இருந்தது. அவர் போன மாதம் ஜூன். பத்தி சொன்ன மாதங்களில் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை கடலூர் பஸ்ஸில் ஏறினாள். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று ஊர்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த அம்மாள் திட்டுவாள், போலீஸுக்குப் போவேன் என்பாள், அப்படி நடந்தால் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள். தான் தாய்லாந்துக்கே போனதில்லை என்பதை மட்டும் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லி இனி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்பக்கத் தெருவில் சின்ன மாடி வீடு. கதவைத் திறந்த உத்திராபதியின் மனைவி சௌந்தரத்துக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. அவள் திட்டவில்லை. உள்ளே கூப்பிட்டு, ஃபேனைப் போட்டு, காபி கொண்டுவந்து வைத்தாள். கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டு, போன வாரம்தான் திரும்பிப் போனாள் என்றாள். மேஜை மேல் ஒரு ஃபைல் இருந்தது. கனிமொழியின் பதிவு முழுவதும் பிரிண்ட் எடுத்து, பச்சை மையில் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் எண் போட்டிருந்தார் உத்திராபதி. அவள் அனுப்பிய மெயில்களும் தேதிவாரியாகப் பின்னால் சேர்த்திருந்தன.

சௌந்தரம் நடந்ததைச் சொன்னாள். விமானத்திலேயே அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. தீவுக்குப் போன நாளிலிருந்து இரண்டு நாளும் மழை. மூன்றாம் நாள் காலையில் மழை விட்டது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீ கொஞ்சம் படுத்திரு, ஒரு முழுக்கு போட்டுவிட்டு வந்து உன்னை மெதுவாகக் கூட்டிப்போகிறேன் என்று துண்டை எடுத்துக்கொண்டு ஏழு மணிக்குப் போனார். ஒன்பது மணிக்கு ஓட்டல் ஆட்கள் இரண்டு பேர் வந்து அவளைக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு ஆஸ்பத்திரி, போலீஸ், பாஷை தெரியாத அறைகள். கடற்கரையை அவள் கண்ணால் பார்க்கவே இல்லை. சென்னைக்கு வந்தது சீல் வைத்த பெட்டி. திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கெடிலம் ஆற்றங்கரையில் அப்படியே எரித்தார்கள்.

“செவப்புக் கொடி நட்டு வச்சிருந்தாங்களாம்” என்றாள். “அதுக்கு அர்த்தம் அவருக்குத் தெரியல. ஏதோ கட்சிக் கொடின்னு நெனச்சிருப்பாரு.”

கனிமொழி காபியைத் தொடவில்லை.

“ஒன்ன எதுக்குக் கூப்டேன்னா, அவரு கடைசியா நின்ன எடத்த நான் பாக்கல. எனக்குத் தெரிஞ்சி அந்த எடத்தப் பாத்தவ நீ ஒருத்திதான். அது எப்டி இருக்கும்னு எனக்குச் சொல்லும்மா. மரம் இருக்குமா, பக்கத்துல வூடு இருக்குமா, கூப்ட்டா யாருக்காச்சும் கேக்குமா. தெனம் படுத்தா ஒரு வெள்ளச் சொவருதான் தெரியுது எனக்கு.”

அவள் கேட்டது அவ்வளவுதான்.

கனிமொழி சொல்ல ஆரம்பித்தாள். ஸ்காட்லாந்துக்காரி எழுதியது அத்தனையும் மனப்பாடமாக இருந்தது. வளைந்த கரை, சவுக்கு மரங்கள், நிழலில் நீலக் குடைகள், இளநீர் விற்கும் ஒரு கிழவி, காலில் ஒட்டாத வெள்ளை மணல். சௌந்தரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அந்த முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்து இறங்குவதை கனிமொழி பார்த்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சொல்வது சுலபமாகிவிட்டது. கட்டுரையில் இல்லாததையும் சேர்த்தாள். காலை ஏழு மணி என்றால், சூரியன் அப்போதுதான் கடலிலிருந்து ஏறியிருக்கும், தண்ணீர் முழுக்கத் தகதகவென்று இருந்திருக்கும், சார் அதைப் பார்த்திருப்பார் என்றாள்.

சௌந்தரம் கண்ணைத் திறந்தாள்.

“இல்லியேம்மா” என்றாள் மெதுவாக. “மழ விட்ட அன்னிக்கி வெயிலு என் ஜன்னல் வழியாத்தான் வந்துது. ஜன்னலுக்கு எதுத்தாப்ல மலைதான். கடலு அந்தாண்ட, வூட்டுக்குப் பின்பக்கம்.”

கிள்ளையில் பிறந்தவளுக்குச் சூரியன் கடலில்தான் உதிக்கும். மேற்குக் கரை என்று தன் கையாலேயே அடித்திருந்தும் அவளுக்கு அது தோன்றவில்லை. சௌந்தரம் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தப்பாகச் சொல்கிறோமோ என்று தன் நினைவைத்தான் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நம்பியிருப்பாள்.

“நான் அங்க போனதே இல்லம்மா” என்றாள் கனிமொழி.

சௌந்தரத்துக்கு உடனே புரியவில்லை. அந்தத் தீவுக்கா, அப்படியென்றால் எந்தத் தீவுக்குப் போனாய் என்று கேட்டாள். எங்கேயுமே இல்லை என்று கனிமொழி சொன்னாள். போட்டோவெல்லாம் வேறு யாரோ எடுத்தது, எழுத்தும் வேறு ஒருத்தி எழுதியது, தனக்கு பாஸ்போர்ட்டே கிடையாது. இவ்வளவு சொன்ன பிறகு மீதியை வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. அந்த வேறு ஒருத்தி கடலைப் பற்றி எழுதியிருந்ததையும், தான் அதை விட்டுவிட்டதையும் சொன்னாள்.

“என்ன எழுதியிருந்தா?”

“அது வேணாம்மா.”

“சொல்லு.”

கனிமொழி சொன்னாள். பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்த பத்தி அது. மே முதல் அக்டோபர் வரை சிவப்புக் கொடி கண்ட இடத்தில் முழங்கால் தண்ணீரில்கூட இறங்காதீர்கள். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடியில் இழுக்கும். நீச்சல் தெரியாதவர்கள் கரையிலேயே நின்றுவிடுகிறார்கள். சாகிறவர்களில் பாதிப் பேர் நீச்சல் தெரிந்தவர்கள்.

சௌந்தரம் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தக் காகிதங்களைத் தடவினாள். எதற்காக அதை மட்டும் விட்டாய் என்று கேட்டாள். கனிமொழி தம்பியைப் பற்றிச் சொன்னாள். காரணமாகச் சொல்லக் கூடாது என்று இருந்தவள், கேட்டபோது சொல்லிவிட்டாள். சட்டையைப் பார்த்து அடையாளம் சொன்னது வரைக்கும் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவளுக்கு அழுகை வந்தது. சௌந்தரம் அழவில்லை.

“தம்பிய கடலுக்குக் குடுத்தவ நீ” என்றாள். “அது என்னா செய்யும்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும். தெரிஞ்சவ, கொளம் மாதிரின்னு எழுதியிருக்க.”

தெருவில் யாரோ கீரை விற்றுக்கொண்டு போனார்கள். சௌந்தரம் எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“கேஸு கீஸு நான் போட மாட்டேன். அவரு ஒன்ன நல்ல பொண்ணுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீ போ. போயி, விட்டத எழுது. அதப் படிச்சிட்டு இன்னொருத்தி கெளம்பக் கூடாது.”

வாசல் வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், இன்னும் ஒன்று கேட்டாள். “அந்தச் சவுக்கு மரமாச்சும் நெசமா?”

அப்படித்தான் எழுதியிருந்தது என்றாள் கனிமொழி. சௌந்தரம் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் கடைக்குப் போனதும் அவள் முதலில் செய்தது அதுதான். ஆறாவது பத்தியைத் தமிழில் அடித்தாள். முடித்தபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அதன் மேலே, இந்த வலைப்பதிவில் எழுதியிருக்கும் எந்த ஊருக்கும் நான் போனதில்லை என்றும், இதை நம்பிப் போன ஒருவர் ஜூன் மாதம் கடலில் இறந்துவிட்டார் என்றும் எழுதினாள். அவர் பெயரைப் போடவில்லை. போட சௌந்தரம் சொல்லவில்லை.

பதினைந்து நாள் வசவு வந்தது. கொலைகாரி என்று எழுதினார்கள். அவள் எதையும் அழிக்கவில்லை. ஸ்ரீதர் சுவரில் ஒட்டியிருந்த இதழ்ப் பக்கத்தைத் தானாகவே கிழித்துப் போட்டார். பிறகு மக்கள் மறந்துபோனார்கள். செல்லாயியிடம் மட்டும் அவள் சொல்லவில்லை. கடலில் ஒருத்தர் போனார் என்ற பேச்சையே அம்மாவால் தாங்க முடியாது.

விஷயம் அதோடு முடியவில்லை. அவள் தன் பதிவைத் திருத்தினாளே தவிர, அதற்கு முந்தைய ஒன்றரை வருஷத்தில் எத்தனையோ பேர் அந்தப் பழைய பதிவை அப்படியே எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். மெயிலில் ஒருவருக்கொருவர் அனுப்பியிருந்தார்கள். ‘குளம் மாதிரி அசையாமல் கிடக்கும்’ என்ற வரியைத் தேடினால் பதினேழு இடத்தில் வந்தது. பதினேழு பேருக்கும் எழுதினாள். ஒன்பது பேர் எடுத்துவிட்டார்கள். நாலு பேர் ஆறாவது பத்தியைச் சேர்த்துக்கொண்டார்கள். மீதிப் பேரிடமிருந்து பதில் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் தேடுவாள். புதிதாக இரண்டு முளைத்திருக்கும்.

மாதா மாதம் சௌந்தரத்துக்குப் போன் செய்தும் பார்த்தாள். மணி அடித்து ஓய்ந்துபோகும். 2011 டிசம்பர் கடைசியில் அடித்த புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. பஸ் விட்ட முதல் நாளே மஞ்சக்குப்பத்துக்குப் போனாள். தெருவில் விழுந்த மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டின் மாடித் தகரம் பறந்திருந்தது. கதவில் பூட்டு. அந்த அம்மா மகள் வூட்டோட போயி ஆறு மாசமாவுது என்று பக்கத்து வீட்டு அமராவதி சொன்னாள். புது நம்பர் அவளிடமும் இல்லை.

2012 ஏப்ரலில் ஒரு புதிய வலைப்பதிவு வந்தது. கோடை விடுமுறைக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு என்று அதையும் யாரோ ஒரு பட்டியலில் சிபாரிசு செய்திருந்தார்கள். தாய்லாந்துப் பதிவு வரிக்கு வரி அவளுடையது. ஆறாவது பத்தி இல்லை, கொடி இல்லை, குளம் இருந்தது. எழுதியவர் பெயர் அன்பரசு என்று போட்டிருந்தது. கனிமொழி அவருக்கு விவரமாக எழுதினாள். ஜூன் மாதம், சிவப்புக் கொடி, இறந்தவர் வயது அறுபது என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மேடம், உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

அந்தப் பதிவின் கீழே ஏற்கெனவே பதினொரு பேர் கேள்வி கேட்டிருந்தார்கள். விருத்தாசலத்திலிருந்து ஒரு குடும்பம் மே கடைசியில் கிளம்புவதாக இருந்தது. கனிமொழி அந்தப் பதினொரு பேருடைய பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். மெயில் முகவரி கொடுத்திருந்தவர்கள் ஆறு பேர். அடிக்க வேண்டிய ஆய்வேட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, முதல் ஆளுக்கு எழுத ஆரம்பித்தாள்.